சர்க்கார் வக்கீல் யாருடைய வக்கீல்?

ஆம்பூரிலிருந்து ஒரு தோழர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தோல் ஷாப்பில் முப்பது வருஷம் டிரம் ஓட்டியவர். சுண்ணாம்பிலும் குரோமிலும் ஊறிய கை. எழுத்து கோணலாக இருக்கிறது. கேள்வி மட்டும் நேராக இருக்கிறது.

அவருடைய மகள் வேலூரில் அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். தாய் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்து வரும் கூலியில்தான் கல்லூரிச் செலவு நடக்கிறது. படிப்பு முடிந்ததும் தொழிற்சங்க வக்கீலாக வருவாள், சங்கத்து வழக்குகளை நடத்துவாள் என்று தோழர் ஆசையோடு இருந்தார். மகளோ, "அப்பா, நான் சர்க்கார் வக்கீல் ஆகப் போகிறேன். கிரிமினல் கோர்ட்டில் பிராசிகியூஷன் தரப்பில் நிற்கப் போகிறேன்" என்கிறாளாம். தோழருக்குத் தூக்கம் வரவில்லை. "நம் வீட்டுப் பிள்ளை போலீஸ்காரன் பக்கம் நின்று வாதாடுவதா? கட்சி என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. இது ஒரு தோழரின் கேள்வி மட்டுமல்ல. வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் ராணிப்பேட்டையிலும், பாலாற்றங்கரை நெடுகிலும், தோலை உரித்துப் பதனிட்டு வாழும் குடும்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் சட்டம் படிக்கக் கிளம்பியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் போவது என்று அவர்கள் கேட்கும்போது, வாயை மூடிக்கொண்டிருப்பது நமக்கு அழகல்ல. ஆகவே பகிரங்கமாகவே பதில் சொல்லுகிறோம்.

முதலில் தோழரின் சந்தேகத்துக்கு மரியாதை செலுத்துவோம். அந்தச் சந்தேகம் வானத்திலிருந்து குதித்ததல்ல. பாட்டாளி இயக்கம் சர்க்கார் வக்கீலை முதன்முதலில் சந்தித்தது எதிரியாகத்தான். 1929-இல் தொழிற்சங்கத் தலைவர்களை நாடெங்கும் பிடித்துக் கொண்டுபோய் மீரட்டில் கூண்டிலேற்றி, 1933 வரை சதி வழக்கு நடத்தினார்கள். அங்கே வெள்ளைக்காரன் சார்பில் வாதாடியவர் சர்க்கார் வக்கீல். மதுரைச் சதி வழக்கில் பி. ராமமூர்த்தி முதலிய தோழர்களைக் குற்றவாளிகளாக்கப் பொய்ச் சாட்சிகளை அடுக்கியதும் பிராசிகியூஷன் தரப்புதான். 1947 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திரத்துக்கு முந்தைய நாள், அந்த வழக்கு பொடிப்பொடியாகித் தோழர்கள் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவன் மேல் வழக்கு, கொடி பிடித்தவன் மேல் வழக்கு, கூட்டம் போட்டவன் மேல் வழக்கு! இப்படியே வளர்ந்தவர்கள் நாம். சர்க்கார் வக்கீல் என்றதும் நம் தோழர்களின் முகம் சுளிக்கிறதென்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆனால் தோழரே, வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் எப்போதும் தொழிலாளிதானா? செத்துக் கிடப்பவன் தொழிலாளியாக இருந்தால் அவனுக்காக வாதாடுவது யார்? இந்தக் கேள்வியை நாம் போதுமான அளவுக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.

2015 ஜனவரி 31-ஐ நினைத்துப் பாருங்கள். ராணிப்பேட்டை சிப்காட். நள்ளிரவு தாண்டிய நேரம். தோல் கழிவு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் உழைத்துக் களைத்து உறங்கிக்கொண்டிருந்த மனிதர்கள் மேல் அந்த விஷச் சேறு பாய்ந்தது. 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வெட்டுப்பட்டுச் சாகவில்லை, சுடப்பட்டுச் சாகவில்லை. தோல் கழிவின் சேற்றில் மூழ்கி, மூச்சு முட்டிச் செத்தார்கள்.

மறுநாள் தலைவர்கள் வந்தார்கள். நஷ்டஈடு அறிவிப்பு வந்தது. பெட்டிகளில் பிணங்கள் ஊர் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு? கூலி பாக்கி என்றால் சங்கம் வக்கீல் வைத்து லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். விபத்து நஷ்டஈடு என்றால் நாமே மனுப் போடலாம். ஆனால் மனிதன் சாகும்படி நடந்துகொண்டது குற்றம் என்று வரும்போது, அந்த வழக்கின் வாதி செத்தவனின் மனைவியல்ல, சங்கமல்ல, கட்சியுமல்ல. வாதி அரசாங்கம். அரசாங்கத்தின் சார்பில் எழுந்து நின்று பேசும் உரிமை சர்க்கார் வக்கீலுக்கே உண்டு. பாதிக்கப்பட்டவர் தனியே ஒரு வக்கீல் வைத்துக்கொள்ள 2008-ஆம் வருஷத்துத் திருத்தம் இடம் கொடுத்தது. அந்த வக்கீலும் சர்க்கார் வக்கீலுக்கு உதவி செய்யத்தான் முடியும். வங்காளத்துக் கிராமத்தில் அழுதுகொண்டிருக்கும் விதவைக்கு ராணிப்பேட்டைக் கோர்ட்டில் ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது. அது சர்க்கார் வக்கீலின் வாய். அந்த வாய் திறந்தால் நியாயம் பேசும். மூடிக்கொண்டால் வழக்கும் மூடிக்கொள்ளும்.

சட்டத்தின் உள்ளே கொஞ்சம் போய்ப் பார்ப்போம். தொழிலாளர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் ஒருவன் செத்தால் போலீஸ் வழக்கமாக எழுதும் பிரிவு, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அதன் எண் 304-ஏ. அதிகபட்சத் தண்டனை 2 வருஷம். இன்னொரு பிரிவு உண்டு: 304, இரண்டாம் பாகம். இப்படிச் செய்தால் மனிதன் சாகக்கூடும் என்று தெரிந்தே செய்தவனுக்கு உரியது அது. அதில் 10 வருஷம் வரை. 2024 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 106, 105 என்று எண் மாறியிருக்கின்றன. அஜாக்கிரதைக்கு இப்போது 5 வருஷம் வரை. தெரிந்தே செய்ததற்கு அதே 10 வருஷம் வரை.

இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சொல்: "தெரியும்." சுவர் தாங்காது என்று முதலாளிக்குத் தெரியுமா? அளவுக்கு மேல் சேற்றைத் தேக்கியது தெரியுமா? அதன் அடியில் மனிதர்கள் படுத்துறங்குவது தெரியுமா? இதை நிரூபிக்கக் கட்டிட வரைபடம் வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சோதனைக் குறிப்புகள் வேண்டும். சொந்த ஊர் திரும்பிப் போய்விடும் முன்னே சக தொழிலாளியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன்னால் பதிவு செய்ய வேண்டும். புலன் விசாரணை செய்வது போலீஸ்தான். ஆனால், "இந்தக் குற்றப்பத்திரிகையில் ஓட்டை இருக்கிறது, இந்த ஆவணம் எங்கே, இந்தச் சாட்சி எங்கே?" என்று கேட்கவேண்டியவர் சர்க்கார் வக்கீல். அவர் கேட்கவில்லையென்றால் கேட்க வேறு ஆள் இல்லை.

இது கற்பனை அல்ல. போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தெரிந்தே மரணம் விளைவித்த குற்றம் என்று தொடங்கிய வழக்கை, 1996-இல் சுப்ரீம் கோர்ட் வெறும் அஜாக்கிரதைக் குற்றமாகச் சுருக்கியது. 2010 ஜூன் 7 அன்று தீர்ப்பு வந்தது. தண்டனை 2 வருஷம்! நாடு கொதித்தது. மத்திய அரசாங்கத்தின் புலனாய்வுத் துறை அவசர அவசரமாகச் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது. 2011-இல் கோர்ட் என்ன சொல்லிற்று? 14 வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டது. 1996-ஆம் வருஷத்துத் தீர்ப்பு அன்றைக்கு முன்வைத்த ஆதாரத்தைப் பற்றியது. சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரத்தைக் கீழ்க்கோர்ட் பயன்படுத்த அது விலங்கு அல்ல என்றது. அதாவது, விசாரணையில் பலமான சாட்சியம் வந்தால் பெரிய குற்றச்சாட்டைக் கேட்டிருக்கலாம்; பாதை அடைபடவே இல்லை. பிராசிகியூஷன் அந்தப் பாதையில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கெட்டிக்கார முதலாளி வக்கீல்களால் மட்டும் வழக்கு தோற்பதில்லை தோழர்களே! சும்மா இருக்கும் சர்க்கார் வக்கீலாலும் தோற்கிறது.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 2015 ஜூனில் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞன் கொலையுண்டு பள்ளிப்பாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தான். சாதி வெறியர்கள் செய்த அக்கிரமம். சாட்சிகள் பிறழ்ந்தார்கள், முக்கியமான சாட்சியே பிறழ்ந்தது. வழக்கு செத்துப் போயிருக்க வேண்டியது. ஆனால் அந்தத் தாயின் போராட்டத்தால் சிறப்பு சர்க்கார் வக்கீலாக வந்தவர் பவானி ப.பா. மோகன். திருச்செங்கோட்டுக் கோயிலின் காமிராப் பதிவை ஆதாரமாகக் கொண்டு வழக்கைத் தூக்கி நிறுத்தினார். 2022 மார்ச்சில் மதுரைக் கோர்ட் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023 ஜூனில் ஹைகோர்ட் குற்றவாளிகள் என்ற முடிவை உறுதி செய்தது. அதே சட்டம், அதே போலீஸ், அதே கோர்ட். அந்த நாற்காலியில் உட்கார்ந்த மனிதர் வேறு. விளைவும் வேறு.

வாச்சாத்தியை நாம் மறப்போமா? 1992 ஜூன் 20 அன்று மலைவாழ் மக்களின் கிராமத்தை அரசாங்கத்தின் சொந்த ஊழியர்களே சூறையாடி, 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். மக்கள் இயக்கம் வழக்கை விடாமல் தூக்கிச் சுமந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரிக் கோர்ட்டில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. சரியாக 12 வருஷம் கழித்து, 2023 செப்டம்பர் 29-இல் ஹைகோர்ட்டும் அதையே சொல்லிற்று. வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை என்று அரசாங்கமே கூண்டில் நின்ற வழக்கில், அரசாங்கத்தின் பெயரால் குற்றத்தை நிரூபித்ததும் பிராசிகியூஷன்தான்! வெளியே இயக்கமும் உள்ளே நேர்மையான வக்கீலும் சேர்ந்தால் எது நடக்கும் என்பதற்கு வாச்சாத்தி சாட்சி. வெண்மணியில் 44 உயிர்களை நெருப்பில் பறிகொடுத்தும், ஹைகோர்ட்டில் பண்ணையார்கள் விடுதலையான கொடுமையைக் கண்ட நமக்கு அந்த வித்தியாசத்தை யாரும் பாடம் சொல்லித் தரவேண்டியதில்லை.

"அப்படியானால் போலீசுக்குத் துணைபோவது?" என்று தோழர் கேட்பார்.

சர்க்கார் வக்கீல் போலீசின் வேலைக்காரர் அல்ல. ஒரு காலத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் போலீஸ் அதிகாரிகளே வழக்கு நடத்தினார்கள். 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அந்த வழக்கத்தை ஒழித்தது. போலீஸ் வேறு, பிராசிகியூஷன் வேறு என்று பிரித்தது. எப்படியாவது தண்டனை வாங்கித் தரவேண்டும் என்ற வெறி சர்க்கார் வக்கீலுக்கு இருக்கக் கூடாது, கூண்டில் நிற்பவனுக்குச் சாதகமான உண்மையையும் கோர்ட்டுக்கு எடுத்து வைப்பதே அவர் கடமை என்று 1999-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகக் கூறியிருக்கிறது. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி மேல் பொய்வழக்கு வந்தால், இது நிற்காது என்று சுயபுத்தியோடு முடிவு செய்து, கோர்ட்டின் சம்மதத்தோடு வழக்கை வாபஸ் வாங்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. போலீஸ் நீட்டும் காகிதத்தில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அதனால்தான் கண் திறந்த பிள்ளைகள் அங்கே போகவேண்டும் என்கிறோம்.

சரி, போவதற்கு வழி எப்படி இருக்கிறது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 5 வருஷம், அல்லது பட்டம் பெற்ற பின் 3 வருஷம் சட்டப் படிப்பு. பிறகு பார் கவுன்சிலில் பதிவு. அகில இந்திய பார் தேர்வு. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசு உதவி வழக்கு நடத்துநராக வேண்டுமானால் தமிழ்நாடு தேர்வாணையத்தின் பரீட்சையில் ஜெயிக்க வேண்டும். அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் போடவே கிரிமினல் கோர்ட்டில் 5 வருஷம் தொழில் நடத்தியிருக்க வேண்டும்.

இந்த 5 வருஷத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது! அனுபவம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. உயிர்போன வழக்கை நேற்றுப் படித்து முடித்தவர் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த 5 வருஷம் சோறு போடுவது யார்? வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அப்பாவின் ஆபீஸ் இருக்கிறது, அப்பாவின் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள், அப்பாவின் புத்தக அலமாரி இருக்கிறது. தோல் ஷாப்பு வீட்டுப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? காலையில் ஆம்பூரில் பஸ் ஏறி, சீனியருக்குப் பின்னால் கட்டுத் தூக்கி, வாய்தா வாங்கி, மாலையில் வெறுங்கையோடு திரும்புவாள். முதல் வருஷம் தாங்குவாள். இரண்டாம் வருஷம் தம்பியின் படிப்பு நிற்கும். மூன்றாம் வருஷம் கறுப்பு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஒரு கம்பெனியில் கணக்கெழுதப் போவாள். பரீட்சையில் தோற்கவில்லை அவள். பரீட்சை வாசலையே எட்டவில்லை. கதவைச் சாத்தாமலேயே ஏழையை வெளியே நிறுத்தும் வித்தை இது!

கோர்ட்டுகளே இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. பதிவுக் கட்டணம் என்று பார் கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலை 30 அன்று சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது. சட்டப்படி 750 ரூபாய்க்கு மேல் கூடாது, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கு மேல் கூடாது என்றது. அதே வருஷம் ஜூனில் சென்னை ஹைகோர்ட், ஜூனியர் வக்கீலைச் சும்மா உழைக்க வைப்பது சுரண்டல் என்று கண்டு, சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்கவேண்டும் என்று வழி சொல்லிற்று. நல்ல சொல். ஆனால் வேலூரிலும் திருப்பத்தூரிலும் எத்தனை சீனியர்கள் மாதம் 15,000 எண்ணிக் கொடுக்கிறார்கள் என்று ஜூனியர்களைக் கேட்டுப் பாருங்கள். காகிதத்தில் இருக்கும் கூலி பையில் விழுவதில்லை என்பது தோல் ஷாப்பு தொழிலாளிக்குப் புதிய செய்தியா?

செஷன்ஸ் கோர்ட்டின் கதை வேறு. கொலை வழக்குகள் அங்கேதான் நடக்கின்றன. அங்கே சர்க்கார் வக்கீலுக்குப் பரீட்சை கிடையாது. 7 வருஷம் தொழில் நடத்தியவர்களின் பட்டியலைக் கலெக்டர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து தயாரிக்க, அரசாங்கம் நியமிக்கிறது. ஏட்டில் இப்படி. நடப்பில், ஆட்சி மாறினால் அந்த நாற்காலிகளும் மாறுகின்றன. கட்சிக்கு உழைத்ததற்குப் பரிசாகப் பதவி! ஒரு சாட்சி பாதி சொல்லியிருப்பான், வக்கீல் மாறிவிடுவார். எந்தக் கட்சி ஆண்டாலும் இது தவறு. நமக்கு வேண்டியவர்கள் ஆண்டாலும் தவறு. நம் கட்சிக்காரருக்கு ஒரு நாற்காலி கிடைப்பதைவிட, செத்துப்போன தொழிலாளியின் வழக்குக்குத் திறமைசாலி கிடைப்பது நமக்குப் பெரிது. இதைச் சொல்ல நாம் கூச்சப்படக் கூடாது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை.

அரசாங்கத்துக்குச் சொல்லுகிறோம்: உழைப்பாளி வீட்டிலிருந்து வந்து கிரிமினல் கோர்ட்டில் பயிற்சி பெறும் இளம் வக்கீல்களுக்கு, அந்த 5 வருஷமும் மாதச் சம்பளம் கொடு. 2020-இல் மாதம் 3,000 ரூபாய் வீதம் 2 வருஷத்துக்கு என்று ஒரு திட்டம் வந்தது. 3,000 ரூபாய் பஸ்ஸுக்கும் டீக்கும் ஆகும். 2 வருஷம் பாதி வழி கூட இல்லை. காலியிடங்களை வருஷக்கணக்கில் போட்டு வைக்காமல் குறித்த காலத்தில் பரீட்சை நடத்து. செஷன்ஸ் கோர்ட் நியமனங்களில் கட்சிச் சீட்டைப் பார்க்காமல் வழக்கு நடத்திய திறமையைப் பார். தொழிற்சாலைச் சாவுகளைத் தனியே படித்துத் தேர்ந்த வக்கீல்களைத் தோல் பகுதியின் மூன்று மாவட்டங்களிலும் நியமி.

தொழிற்சங்கங்களுக்கும் நம் கட்சிக் கிளைகளுக்கும் சொல்லுகிறோம்: அரசாங்கம் கொடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் சங்க உறுப்பினர் மாதம் பத்து ரூபாய் ஒதுக்கினால், ஒரு ஊருக்கு ஒரு பிள்ளையை அந்த 5 வருஷம் தாங்க முடியும். வேலைநிறுத்த நிதி திரட்டிய கைகளுக்கு இது பெரிய காரியமா? நம் தோழர்களான சீனியர் வக்கீல்கள், மேடையில் பேசும் குறைந்தபட்சக் கூலியைத் தங்கள் ஆபீசிலும் கொடுத்துக் காட்டட்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்தப் பெண் சர்க்கார் வக்கீல் ஆகிவிட்டால் அரசு ஊழியர். நம் கொடியைப் பிடிக்க மாட்டாள், பிடிக்கவும் கூடாது. ஊர்வலத்துக்கு வரமாட்டாள். ஒரு நாள் நம் கிளைச் செயலாளர் ஒருவர் குடித்துவிட்டு மனைவியை அடித்துக் கூண்டில் நின்றால், அவருக்கு எதிராகவே அவள் வாதாடுவாள். வாதாட வேண்டும்! "நம்ம பெண் தானே" என்று யாரும் சிபாரிசுக்குப் போய் நிற்கக் கூடாது. கட்சிக்கு ஓர் ஊழியர் குறைவார் என்பது உண்மை. ஆனால் வர்க்கத்துக்கு ஒரு நீதி வாயில் திறக்கும். பாட்டாளி இயக்கம் இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த இயக்கம்.

பாலாற்றைக் கெடுத்ததற்கு 1996-இல் சுப்ரீம் கோர்ட் தோல் முதலாளிகளுக்கு அபராதம் போட்டது. கெடுத்தவன் பணம் கட்டட்டும் என்றது. 2025 ஜனவரி 30 அன்று, ஏறக்குறைய 29 வருஷம் கழித்து, அதே கோர்ட் அதே பாலாற்றுக்காக மறுபடி நஷ்டஈட்டைப் பற்றி உத்தரவு போடவேண்டியிருந்தது. பணத்தைப் பற்றிய தீர்ப்புகளின் கதி இது. பணத்தால் கொடுத்துத் தீர்க்கக்கூடியது என்று தெரிந்தால் முதலாளி அதைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுவான். ஜெயில் ஒன்றைத்தான் அவன் செலவுக் கணக்கில் எழுத முடியாது. அந்த ஜெயில் கதவின் சாவி, சட்டப்படி, சர்க்கார் வக்கீலின் வாதத்தில் இருக்கிறது.

ஆம்பூர்த் தோழரே! உங்கள் மகள் எதிரியின் முகாமுக்குப் போகவில்லை. இத்தனை காலம் நம்மவர் யாருமே உட்காராத ஒரு நாற்காலிக்குப் போகிறாள். அடுத்த முறை ஒரு சுவர் உடைந்து ஒரு தொழிலாளி சாகும்போது, கோர்ட்டில் எழுந்து நின்று, "சுவர் தாங்காது என்று இவருக்குத் தெரியும்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். சுண்ணாம்புக் குழியின் நெடி இன்னதென்று தெரிந்த ஒருவர் அதைச் சொல்லட்டும்.

மகளைத் தடுக்காதீர்கள். அந்த 5 வருஷத்துக்கு என்ன வழி என்று இந்த ஞாயிறு சங்கக் கூட்டத்திலேயே பேச்சைத் தொடங்குங்கள். முதல் பத்து ரூபாய் நம்முடையது.